கொசுவைத் தேடியவர்களும் வௌவாலைக் கண்டவரும்

2025 ஜூலையில் ஒரு நாள் பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. முகக்கவசம் அணிந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஏறினார். ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே வெப்பமானியை நீட்டினார். ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மலப்புரம், பாலக்காடு மாவட்டங்களில் நிபா தொற்று கண்டறியப்பட்டிருந்த நேரம் அது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “இது கொசுவுல வர்ற காய்ச்சல்தானுங்களே?” என்று கேட்டார். “இல்லைங்கய்யா, வௌவால்கிட்ட இருந்து வர்றது” என்றேன். தலையை ஆட்டினாரே தவிர, அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்பு, அனுபவம் மிக்க மருத்துவர்களையும் நல்ல ஆய்வகங்களையும் கொண்ட ஒரு நாட்டின் அரசே ஏறக்குறைய அரை ஆண்டுக் காலம் அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்திய ஒரு வைரஸ் ஆய்வாளரின் கதை, கேரளத்தில் நிபா தலைகாட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது. நிபா என்ற பெயரே அந்தக் கதையில்தான் பிறந்தது.

1998 செப்டம்பர் இறுதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தலைவலி, மயக்கம், நினைவிழப்பு என்று முற்றி, பலர் இறந்தனர். அதிகாரிகள் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது முட்டாள்தனமான முடிவு அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் வாழும் அந்த வைரஸ், பன்றியின் உடலில் பல்கிப் பெருகும். வயல் நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு அதைப் பன்றியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவரும். மலேசியாவுக்கு அது பழகிய நோய். பன்றிப் பண்ணை, காய்ச்சல், மூளை அழற்சி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் அதுவே தோன்றும். தொடக்கத்தில் சோதிக்கப்பட்ட சிலரது ரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்பொருளும் தென்பட்டது. பிறகென்ன, புகைமருந்து இயந்திரங்கள் பண்ணைகளைச் சுற்றி வந்தன. தடுப்பூசிகள் வரவழைக்கப்பட்டு ஊர் ஊராகப் போடப்பட்டன.

எனக்கு அந்தப் புகை நன்றாகத் தெரியும். நான் வளர்ந்தது விருத்தாசலம் பக்கம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூர் வட்டாரத்தில்; தென்னாற்காட்டு வயல்வெளிகளையும் அது விடவில்லை. ‘மூளைக்காய்ச்சல்’ என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அடுத்த சில நாட்களில் புகைவண்டி வரும். நாங்கள் சிறுவர்கள் அதன் பின்னால் ஓடுவோம். அரசு ஏதோ செய்கிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தப் புகைதான். நோய் கொசுவால் வருவதாக இருந்தால் புகைக்கு ஓரளவு பயன் உண்டு. வேறொன்றால் வருவதாக இருந்தால்?

மலேசியாவில் அதுதான் நடந்தது. கணக்கு எங்கும் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள். ஒரே வீட்டில் ஒரே கொசுக்கடியைப் பகிர்ந்துகொண்டவர்களில், பன்றியைத் தொட்டு வேலை செய்தவர் மட்டுமே நோயுற்றார். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. தொலைவிலிருந்தே கேட்கும்படி குரைப்பது போல இருமின, மூச்சுத் திணறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் சினைப்பன்றியின் கருவைக் கலைக்குமே தவிர, வளர்ந்த பன்றியை இப்படி வாட்டுவதில்லை. பண்ணையாளர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள், சொல்லவும் செய்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் சூட்டப்பட்ட பிறகு, அந்தப் பெயரோடு ஒத்துப்போகாத தகவல்கள் எல்லாம் வெறும் புலம்பலாகத்தான் அதிகார மட்டத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

தவறான பெயரால் விளைந்த உண்மையான கேடு புகையிலோ ஊசியிலோ இல்லை. குற்றவாளி கொசு என்றான பிறகு பன்றிகளின் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் தோன்றவில்லை. அஞ்சிப்போன ஈப்போ பண்ணையாளர்கள் கையிலிருந்த பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அவை லாரிகளில் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போயின. அங்கே புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு மையங்களுள் ஒன்று. 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே சாவு குவிந்தது. மலேசியப் பன்றிகள் போய்ச் சேர்ந்த சிங்கப்பூர் இறைச்சிக் கூடத்திலும் 11 தொழிலாளர்கள் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார்.

சுவா கா பிங் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார். மலாயா பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் அப்போது உயர்பயிற்சியில் இருந்த மருத்துவர் அவர். துறையில் செல்வாக்குள்ள மூத்தவர்களில் ஒருவர் அல்லர். மார்ச் தொடக்கத்தில், இறந்துபோன நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீர் அவரது மேசைக்கு வந்தது. எதிர்ப்பொருள் சோதனையைச் செய்து ‘ஆம், இல்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். அவர் அந்த நீரை வளர்ப்புச் செல்களில் இட்டுப் பார்த்தார். சில நாட்களிலேயே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாக உருமாறின. கொசுவால் பரவும் அந்தப் பழைய வைரஸ் விட்டுச் செல்லும் தடயம் அதுவன்று. தெரிந்த வைரஸ்களுக்கான சோதனைகளில் அது சிக்கவும் இல்லை.

அவரிடம் அதைப் பார்ப்பதற்கேற்ற வசதி இல்லை. மாதிரிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அவர் முதலில் போன இடம், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் உள்ள, பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான ஆய்வகம் என்பதில் ஒரு முரண்நகை உண்டு. கொசு வைரஸ்களை ஆராயும் அந்த இடத்தின் மின்னணு நுண்ணோக்கியில்தான், இது கொசு வைரஸ் அல்ல என்பது தெரிந்தது. திரையில் தெரிந்தது தட்டம்மை, புட்டாலம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. அட்லாண்டாவில் நடந்த மேல் சோதனைகள், 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரப் புறத்தில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு அது நெருங்கிய உறவு என்று காட்டின. வைரஸ் எடுக்கப்பட்ட நோயாளியின் ஊர் சுங்கை நிபா. மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. நிபா என்பது சேற்றுநீரில் வளரும் ஒரு வகைப் பனை. வைரஸுக்கு அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் அரசின் திசை மாறியது. புகையும் தடுப்பூசியும் பின்னுக்குப் போயின. பன்றிகளின் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ராணுவம் இறங்கி, மொத்தத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தது. மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பன்றி வளர்த்த சீனக் குடும்பங்கள் பல அந்தத் தொழிலையே விட்டு வெளியேறின. இத்தனையையும் நிறுத்தியது புதிய மருந்து ஒன்றும் அல்ல. நிபாவுக்கு இன்றுவரை உறுதியான மருந்தோ, பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசியோ இல்லை. சரியான பெயர் தெரிந்ததும் சரியான வாசலை அடைக்க முடிந்தது, அவ்வளவே.

சுவா அத்தோடு நிற்கவில்லை. பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேடினார். ஹெண்ட்ராவின் உறவு என்பதால் பழந்தின்னி வௌவால்கள்மீது ஐயம் விழுந்தது. வௌவாலைப் பிடித்து ரத்தம் எடுப்பது கடினம். அது பெரும்பாலும் எதிர்ப்பொருளைத்தான் காட்டும், உயிருள்ள வைரஸைக் காட்டாது. அவரது குழு தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் நெகிழித் தாள்களை விரித்து, சொட்டும் சிறுநீரைச் சேகரித்தது. அந்தச் சிறுநீரிலிருந்தும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலிருந்தும் நிபா வைரஸ் கிடைத்தது. அந்தத் தீவிலிருந்தே தியோமான் வைரஸ் என்ற இன்னொரு புதிய வைரஸையும் அவர் பிரித்தெடுத்தார். பன்றிக் கொட்டில்களை ஒட்டி மாந்தோப்புகள் இருந்த பண்ணைகளில், வௌவால் கடித்த கனி கொட்டிலுக்குள் விழுந்திருக்கும் என்ற விளக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது.

வௌவால்கள் தோப்புகளுக்கு வந்ததற்கு, 1997–98இல் தென்கிழக்காசியக் காடுகள் எரிந்ததும் அந்தப் புகைமூட்டமும் காரணம் என்று சுவா ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்பவருக்கு உடனே பிடித்துவிடும் கருத்து. இன்றும் பல கட்டுரைகள் அதை மறு சிந்தனையின்றித் திருப்பிச் சொல்கின்றன. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள், அந்தத் தீக்கு முன்பே ஈப்போ பண்ணையில் வைரஸ் நுழைந்திருந்தது என்றும், பழத்தோட்டத்தையும் பெருமளவு பன்றி வளர்ப்பையும் ஒரே இடத்தில் நெருக்கியதே முதன்மைக் காரணம் என்றும் காட்டின. ஐயப்பட்டுப் புகழ்பெற்றவரின் கருத்தும் ஐயத்துக்கு உட்பட்டதே. அதை நான் அவருக்கு ஏற்பட்ட குறையாகக் கருதவில்லை.

மலேசியாவுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று நினைப்பவர்கள் சிலிகுரியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 தொடக்கத்தில் அந்த வடவங்க நகரில் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் 66 பேரைத் தாக்கி, 45 பேரைக் கொன்றது. நோயாளிகளில் பலர் மருத்துவமனை ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்கள். அது நிபாதான் என்பது, பாதுகாத்து வைக்கப்பட்ட மாதிரிகளை மீண்டும் சோதித்து 2006இல் வெளியான ஆய்வில்தான் உலகுக்குத் தெரிந்தது. ஐந்து ஆண்டுகள்! மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் மருத்துவமனைக்கு உள்ளேயே பரவும் என்ற பாடம் அத்தனை காலம் உறைபெட்டியில் கிடந்தது.

கோரக்பூரின் கதை இன்னும் வேதனையானது. 2005இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மூளைக்காய்ச்சலால் இறந்தனர். அந்த முறை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பெயர் சரியானதுதான்; 2006 முதல் தடுப்பூசி இயக்கம் நடந்தது; அந்த வைரஸால் வரும் நோய் குறையவும் செய்தது. ஆனால் மழைக்காலம்தோறும் குழந்தைகள் இறப்பது நிற்கவில்லை. மீதிச் சாவுக்கு நீரால் பரவும் ஏதோ வைரஸ் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. பின்னர் முறையாகச் சோதித்தபோது, நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் தென்பட்டது ‘ஸ்க்ரப் டைஃபஸ்’. நம் ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்கிறோமே, அதுதான். வைரஸே இல்லை, பாக்டீரியா. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மலிவான மாத்திரைகளுக்கு, காலத்தில் கொடுத்தால், கட்டுப்படக்கூடியது. வேலூரிலும் தமிழகத்தின் பிற மருத்துவமனைகளிலும் அந்நோயை அடையாளம் கண்டு சிகிச்சை அளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அங்கே குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள்.

பிகாரின் முசாபர்பூரிலும் மூளைக்காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட சாவுகளுக்கு வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மூத்த வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், இது வைரஸே அல்ல என்று வாதிட்டார்: இரவு உணவின்றி உறங்கிய, ஊட்டம் குறைந்த குழந்தை, லிச்சிப் பழத்தில் உள்ள நச்சால் ரத்தச் சர்க்கரை சரிந்து மூளை பாதிக்கப்படுகிறது. 2017இல் வெளிவந்த விரிவான ஆய்வு அதே திசையைக் காட்டியது. வைரஸைத் தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் ‘இங்கே வைரஸ் இல்லை’ என்று சொல்லத் துணிந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆயினும் 2019இல் முசாபர்பூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது; இரவில் ஒரு வேளைச் சோறும், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் குளுக்கோஸும் இருந்தாக வேண்டும்.

மாறாக, 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் ஒரு மகன் காரணம் தெரியாமல் இறக்கிறார். அதே குறிகளோடு இரண்டாமவர் கொண்டுவரப்பட்டபோது, தனியார் மருத்துவமனை மருத்துவர்கள் ஐயம் கொண்டு மாதிரிகளை மணிப்பாலில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஜி. அருண்குமார் தலைமையிலான அந்த மையம், பல மாநிலங்களின் காய்ச்சல் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து வந்த அனுபவத்தோடு ஆயத்தமாக இருந்தது. புணேயின் தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதிசெய்தது. சிலிகுரியில் ஐந்து ஆண்டுகள் ஆனது, இங்கே சில நாட்களில் முடிந்தது. அப்படியும் 17 உயிர்கள் போயின. செவிலியர் லினி அவர்களில் ஒருவர். ஏனெனில் முதல் நோயாளி பெயரின்றி இறப்பதற்குள்ளாகவே மருத்துவமனை வளாகத்தில் பலருக்கு நோயைத் தந்திருந்தார். அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 எனக் கேரளத்தில் நிபா திரும்பத் திரும்ப வந்தும் 2018 அளவுக்கு அது பரவவில்லை. இரண்டாம் நோயாளிக்குக் காத்திராமல் முதல் நோயாளியிடமே ஐயப்படக் கேரள மருத்துவர்கள் பழகிவிட்டார்கள் என்பதே அதன் முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழகம் எங்கே நிற்கிறது? நிபாவின் எதிர்ப்பொருள் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. இதைக் கேட்டு வௌவால்களை விரட்டக் கிளம்புவதைப் போன்ற பேதைமை வேறில்லை. கலைக்கப்பட்ட கூட்டம் புதிய தோப்புகளுக்குத்தான் போகும். ஆலமரத்து வௌவால்கள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. அந்த ஊர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது, கடித்த பழத்தை எடுத்து உண்ணாதீர்கள் என்பது மட்டுமே.

என் கவலை வேறு. நிபாவின் நோயரும்பு காலம் பொதுவாக 4 முதல் 14 நாட்கள். வாளையாற்றில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி, தொற்றைச் சுமந்துகொண்டு இன்னும் காய்ச்சல் காணாத பயணியைக் காட்டிக்கொடுக்காது. நோய் எல்லையில் பிடிபடாது. ஏதோ ஒரு வட்ட மருத்துவமனையின் படுக்கையில், காய்ச்சலோடு நினைவிழந்து கிடக்கும் ஒருவரிடம்தான் பிடிபடும், அங்கிருக்கும் மருத்துவர் ஐயப்பட்டால். அந்த மாதிரியைத் தயக்கமின்றி அனுப்ப வழியும், இரண்டு நாளில் விடையும் இருந்தால். கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் வைரஸ் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் மாவட்டங்களில் கொசுவைப் பிடித்து இனம் பிரித்தறியும் பூச்சியியலாளர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசுக்களைப் பல்லாண்டு ஆராய்ந்த மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், தன் தனித்த நிலையை இழந்து புதுச்சேரி மையத்தின் கள நிலையமாகிவிட்டது. கால்நடை மருத்துவர் பண்ணையில் காணும் இருமலும், மருத்துவர் வார்டில் காணும் காய்ச்சலும் ஒரே மேசையில் சந்திக்கும் ஏற்பாடு இன்னும் பெரும்பாலும் கூட்டக் குறிப்புகளில்தான் வாழ்கிறது.

டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கையை அரசு அறிவிக்கிறது. நிபா இல்லை என்பதையும் அறிவிக்கிறது. நான் கேட்பது இன்னொரு எண்ணை. கடந்த ஆண்டில் தமிழக அரசு மருத்துவமனைகளில் மூளை அழற்சியோடு சேர்க்கப்பட்டு, எல்லாச் சோதனைகளும் முடிந்த பின்னும் காரணம் தெரியாமலே வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களது மாதிரிகளில் எத்தனை இன்னும் உறைநிலையில் பத்திரமாக இருக்கின்றன? மாவட்ட வாரியாக அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. சுவா கா பிங்கின் மேசைக்கு அன்று வந்ததும் அப்படிப்பட்ட, விடை எழுதி முடிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு குப்பி நீர்தான்.